சிறுநீரகக் காயமும் வளர்ச்சிக் காரணிகளும்: கிளினிக் வரிசையில் கேட்கும் கேள்விகள்

கொழும்பில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். தமிழ் பேசுகிற ஆள் என்று தெரிந்தால் போதும், றிப்போட் வாங்க வருகிறவர்கள் நாலு கேள்வி கேட்காமல் போகமாட்டார்கள். மாளிகாவத்தைச் சிறுநீரக ஆஸ்பத்திரிக்கோ பெரியாஸ்பத்திரிக்கோ கிளினிக் வந்தவர்கள், வவுனியாவிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் இரவு பஸ் ஏறி வந்தவர்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வட்ஸ்அப்பில் அனுப்பிய கட்டுரையோடு வருகிறவர்கள் என்று பல மாதிரி. கொஞ்ச காலமாக ‘குரோத் ஃபெக்டர்’ என்ற பேச்சு அதில் அடிக்கடி அடிபடுகிறது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைக் கீழே போட்டிருக்கிறேன். நான் டொக்டர் இல்லை. இதை வாசித்துவிட்டு யாரும் குளிசையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

குரோத் ஃபெக்டர் என்று சொல்றாங்களே, அது விட்டமின் மாதிரி ஒரு சத்தா?

இல்லை. விட்டமின் பெரும்பாலும் சாப்பாட்டிலிருந்து வருவது. வளர்ச்சிக் காரணி என்பது நம் கலங்கள் தாங்களே செய்து வெளியே விடும் புரதம். ஒரு கலம் விடுகிறது. இன்னொரு கலம் தன் மேற்பரப்பிலுள்ள வாங்கியால் (ரிசெப்டர்) அதைப் பிடிக்கிறது. பிடித்ததும் அந்தக் கலத்தின் நடத்தை மாறும். அது பிரியலாம், நகரலாம், பருக்கலாம், சாகவேண்டிய கலம் சாகாமல் தப்பலாம், அல்லது நார்ப் புரதத்தைச் சுரந்து தள்ளலாம். இதில் எது நடக்கும் என்பது காரணியை மட்டும் பொறுத்ததல்ல. வாங்குகிற கலம் எது, எவ்வளவு காலம் வாங்குகிறது என்பதையும் பொறுத்தது. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கும்.

அமெரிக்கர் ஸ்டான்லி கோஹன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசியாகப் போட்டபோது, அவற்றின் கண் இமைகள் வழமையைவிட முந்தித் திறந்துகொண்டன. அதற்குக் காரணமான புரதம்தான் மேற்றோல் வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக ஈ.ஜி.எஃப். கோஹனுக்கும் ரீட்டா லெவி-மொன்டல்சினிக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. பெயரில் தோல் இருந்தாலும், உடம்பில் இதை ஏராளமாகச் செய்யும் இடங்களில் சிறுநீரகமும் ஒன்று. நம் சிறுநீரிலேயே அது நிறைய இருக்கிறது.

கிட்னி வளர்ந்து முடிஞ்ச உறுப்புதானே? அதுக்குள்ள வளர்ச்சிக் காரணிக்கு என்ன வேலை?

வளர்ந்து முடிந்தது உண்மைதான். இரத்தத்தை வடிகட்டும் ஒரு முடிச்சும் அதோடு சேர்ந்த சிறுகுழாயும் கொண்ட அலகுதான் நெஃப்ரோன். ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து இலட்சம் நெஃப்ரோன்கள் இருக்கும். ஆளுக்கு ஆள் இது மிகவும் வேறுபடும். இவை எல்லாம் தாயின் வயிற்றில் ஏறத்தாழ 36ஆம் கிழமைக்குள் உருவாகி முடிந்துவிடும். அதன்பிறகு புதிதாக ஒன்றுகூட வராது. அவற்றை உருவாக்கும் வேலையே வளர்ச்சிக் காரணிகளுடையதுதான். ஜி.டி.என்.எஃப். என்ற காரணி இல்லாத எலிகள் சிறுநீரகமே இல்லாமல் பிறக்கின்றன.

பிறந்த பிறகு பராமரிப்பு வேலை தொடங்குகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவம் வடிகட்டப்படும் இடம் இது. வடிகட்டும் முடிச்சில் இரத்தக் குழாய்களைச் சுற்றிக்கொண்டு போடோசைட் என்ற கலங்கள் இருக்கின்றன. அவை விடும் வி.ஈ.ஜி.எஃப். என்ற காரணியில்தான் உள்ளே இருக்கும் குழாய்ச்சுவர் தாங்கி நிற்கிறது. ஒருவரும் கவனிக்காமல் நடந்துகொண்டிருக்கும் இந்தப் பேச்சுவார்த்தை, காயம் பட்டால் மட்டும் சத்தமாகிறது.

அண்ணாவுக்கு எலிக்காய்ச்சல் வந்து சிறுநீரே நின்று போச்சு. மூன்று கிழமை டயாலிசிஸ் செய்தாங்க, பிறகு எல்லாம் சரி என்று வீட்டுக்கு விட்டுட்டாங்க. செத்த கிட்னிக்கு எப்படி உயிர் வந்தது?

சிறுநீரகம் செத்துப்போகவில்லை, அதன் சிறுகுழாய்களில் உள்ள கலங்களில் ஒரு பங்குதான் செத்தது. வடிகட்டியதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சும் வேலை இந்தக் கலங்களுடையது. அதற்கு நிறையச் சக்தி வேண்டும், நிறைய ஒட்சிசன் வேண்டும். அந்தக் குழாயின் கடைசிப் பகுதி இருக்கும் இடத்திலோ ஒட்சிசன் இயல்பாகவே குறைவு. அதனால்தான் எலிக்காய்ச்சல், கண்ணாடி விரியன் கடி, இரத்த அழுத்தம் கடுமையாக விழுவது, ஜென்டமைசின் போன்ற மருந்து என்று எது வந்தாலும் முதல் அடி பெரும்பாலும் இந்தச் சிறுகுழாய்களில் விழுகிறது. வயலில் இறங்குகிறவர்களுக்கு இங்கே இது புதிய கதை அல்ல. 2008இல் மட்டும் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டவர்களுக்கு எலிக்காய்ச்சல் என்று பதிவானது.

கலங்கள் உதிர்ந்தாலும் அவை உட்கார்ந்திருந்த அடிமென்சவ்வு பல இடங்களில் அப்படியே இருக்கும். மிஞ்சிய கலங்கள் என்ன செய்கின்றன என்பதுதான் அழகு. அவை உறிஞ்சும் வேலையை விட்டுவிட்டு, கருவில் இருந்த காலத்து நிலைக்குப் பாதி திரும்புகின்றன. தட்டையாகி, வெறுமையான இடத்தின்மேல் பரந்து, பிரிந்து பெருகி, பிறகு மறுபடி முதிர்ந்து பழைய வேலையை எடுத்துக்கொள்கின்றன. குருத்துக் கலம் (ஸ்டெம் செல்) ஒன்று வெளியிலிருந்து வந்து இதைச் செய்கிறது என்று முன்பு பலர் நினைத்தார்கள். 2008இல் வந்த எலி ஆய்வு, குழாயில் மிஞ்சிய கலங்களே பெரும்பாலும் இதைச் செய்கின்றன என்று காட்டியது.

‘பிரி, பரவு, சாகாதே’ என்று அவற்றை ஏவுவது வளர்ச்சிக் காரணிகள். முக்கியமானவை ஈ.ஜி.எஃப். குடும்பம், இன்சுலினைப் போன்ற அமைப்புள்ள ஐ.ஜி.எஃப்-1, அப்புறம் எச்.ஜி.எஃப். கடைசியாகச் சொன்னது 1984இல் ஜப்பானில் தொஷிகசு நக்காமுரா ஈரல் கலங்களை வளர்க்கும் பொருளாகக் கண்டுபிடித்தது. சிறுநீரகம் அடிபட்டாலும் அதன் அளவு கூடுகிறது. அண்ணாவுக்கு டயாலிசிஸ் செய்த வேலை, இவை தங்கள் வேலையை முடிக்கும்வரை ஆளை உயிரோடு வைத்திருந்தது.

அப்படியென்றால் அப்பாவின் கிட்னியும் திரும்பி வரத்தானே வேணும்? அவருக்குப் பதினைந்து வருஷமாச் சீனி வருத்தம்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் எனக்கு எப்போதும் கஷ்டம். அண்ணாவுக்கு வந்தது ஒரே அடி. அப்பாவுக்கு விழுவது சிறிய அடி, ஆனால் நாள்தோறும். திருத்தும் ஏற்பாடு முடிந்து ஓய முடியாத நிலை அது. வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாத மேசன்மார், ஜன்னல் கதவு எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சீமெந்து பூசிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? நாட்பட்ட சிறுநீரக வருத்தத்தில் நடப்பது ஏறத்தாழ அதுதான்.

இதில் முன்னுக்கு நிற்பது டீ.ஜி.எஃப்-பீட்டா என்ற காரணி. குழாய்களுக்கு இடையில் இருக்கும் சாதாரண ஆதாரக் கலங்களை அது நார் சுரக்கும் கலங்களாக மாற்றிவிடும். கொலாஜன் சேரச் சேர நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசிந்து மறைகின்றன, ஒட்சிசன் இன்னும் குறைகிறது, பக்கத்துக் குழாயும் அடிபடுகிறது. தழும்பு தழும்பைக் கொண்டுவருகிறது. போதாததற்கு, திருந்த முயன்று பிரிவின் நடுவில் மாட்டிக்கொண்ட குழாய்க் கலங்களே இந்தக் காரணியைத் தொடர்ந்து விடுகின்றன என்று 2010இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

ஆகவே அப்பாவிடம் போனது போனதுதான். இல்லாமல் போன நெஃப்ரோன் இரண்டாவது பதிலில் சொன்னபடி திரும்ப முளைக்காது. இருப்பதைக் காப்பாற்ற வழி இருக்கிறது, அது கீழே லோசார்ட்டன் என்ற பிரஷர் குளிசை பற்றிய பதிலில் வரும்.

அந்த டீ.ஜி.எஃப் கெட்டதென்றால் அதை மறிக்க ஒரு மருந்து குடுத்தால் முடிஞ்சுதே!

செய்து பார்த்தார்கள். நீரிழிவால் சிறுநீரகம் பழுதான நூற்றுக்கணக்கானவர்களுக்கு டீ.ஜி.எஃப்-பீட்டா 1ஐப் பிடித்து மறிக்கும் பிறபொருளெதிரியை ஊசியாகக் கொடுத்த சோதனை, பயன் தெரியாததால் இடையில் நிறுத்தப்பட்டது. முடிவு 2017இல் வெளியானது.

ஏன் என்பதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். அதில் எனக்குச் சரியாகப் படுவது, இது ‘கெட்ட’ காரணி அல்ல என்பதுதான். அழற்சியை அடக்கி வைக்கும் வேலையும் இதற்கே. இந்த மரபணு இல்லாமல் பிறந்த எலிகள், உடம்பு முழுக்க அழற்சி பரவி, சில கிழமைகளில் செத்துப்போகின்றன. ஒரே காரணி ஒரு பக்கம் தழும்பைக் கூட்டுகிறது, மறுபக்கம் தீயை அணைக்கிறது. முழுதாக மறித்தால் இரண்டும் போகும்.

சரி, நல்ல காரணிகளை ஊசியாப் போடலாமே? ஐ.ஜி.எஃப், எச்.ஜி.எஃப் என்று நீங்களே சொன்னீங்க.

எலிக்குப் போட்டால் அருமையாக வேலை செய்கிறது. ஐ.ஜி.எஃப்-1 கொடுத்த எலிகளின் சிறுநீரகம் சீக்கிரம் திரும்பியது. அந்த நம்பிக்கையில் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு வந்த 72 பேரை வைத்துப் பல ஆஸ்பத்திரிகளில் சோதனை நடந்தது. 1999இல் முடிவு வந்தது: மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் குணமாவதில் வித்தியாசம் இல்லை. 2010இல் நியூசிலாந்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளுக்கு எரித்ரோபொயெட்டின் என்ற இன்னொரு காரணியைக் கொடுத்துப் பார்த்தார்கள், அதிலும் அப்படியே.

எலிக்கும் மனிதனுக்கும் நடுவில் நிற்பது பெரும்பாலும் நேரம். ஆய்வுகூட எலி இளசு, நோயில்லாதது. சிறுநீரகத்துக்கு இரத்தம் நிறுத்தப்பட்ட நேரம் நிமிஷக் கணக்கில் தெரியும், மருந்து அதற்கு முன்னாலோ உடனேயோ போகும். மனிதனில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறி நாங்கள் றிப்போட் அடிக்கும்போதே அடிபட்டு ஒன்றிரண்டு நாள் ஆகியிருக்கும். அதற்குள் மிஞ்சிய கலங்கள் தேவையான காரணிகளைத் தாங்களே விடத் தொடங்கியிருக்கும். மேலே ஊற்றுவதால் பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஈ.ஜி.எஃப். வாங்கி அடிபட்ட முதல் நாட்களில் வேலை செய்தால் எலிக்குக் குணம். அதே வாங்கி கிழமைக்கணக்கில் அணையாமல் இருந்தால் அதே எலிக்குத் தழும்பு. ‘பிரி’ என்று ஏவும் பொருளை உடம்பு முழுக்க நீண்டகாலம் ஊற்றுவதில் புற்றுநோய்ப் பயமும் இருக்கிறது.

எனக்கு டயாலிசிஸ் நாளில போடுற ஊசி எரித்ரோபொயெட்டின்தானே. இப்ப வேலை செய்யாது என்று சொல்றீங்களா?

இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம். முந்தின பதிலில் சொன்னது சிறுநீரகத்தைக் குணமாக்க அதைக் கொடுத்த கதை. உங்களுக்குப் போடுவது இரத்தத்துக்கு. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. எலும்பு மச்சையில் செங்கலங்களை வளர்க்கும் காரணி அது, வழமையாகச் செய்வது சிறுநீரகம். 1977இல் அதை முதலில் சுத்தமாகப் பிரித்தெடுக்க, இரத்தம் ஊறாத நோய் உள்ள ஜப்பானிய நோயாளிகளின் சிறுநீர் 2,550 லீற்றர் தேவைப்பட்டது. அமெரிக்காவில் 1989இல் மருந்தாக அனுமதி கிடைத்தது. அதற்கு முன் டயாலிசிஸ் செய்தவர்கள் இரத்தம் ஏற்றி ஏற்றியே காலம் தள்ளினார்கள்.

சிறுநீரகம் பழுதானால் ஏன் இரத்தம் குறைகிறது என்றும் கேட்பார்கள். எரித்ரோபொயெட்டினைச் செய்பவை குழாய்களுக்கு இடையில் இருக்கும் ஆதாரக் கலங்கள். அப்பா பற்றிய பதிலில் நார் சுரக்கும் கலங்களாக மாறுவதாகச் சொன்னேனே, அதே கூட்டம். நார் செய்யப் போனவை இதைச் செய்வதில்லை.

‘ஹீமோகுளோபினை 13, 14க்கு ஏற்றிவிடச் சொல்லுங்கள், தெம்பாக இருக்கும்’ என்று சிலர் ஊசியைக் கூட்டிக் கேட்கிறார்கள். நீரிழிவோடு சிறுநீரக வருத்தம் உள்ளவர்களில் 13ஐக் குறிவைத்து மருந்து கொடுத்த பெரிய சோதனையில் பக்கவாதம் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. 2009இல் அந்த முடிவு வந்தது. டொக்டர் 11ஐச் சுற்றி நிறுத்தி வைப்பது கஞ்சத்தனத்தால் அல்ல.

றிப்போட்டில ஈ.ஜி.எஃப்.ஆர். 42 என்று இருக்கு. மகள் நெட்டில தேடிப் பார்த்திட்டு கான்சர் என்று அழுகிறாள்!

அழ வேண்டாம். உங்கள் றிப்போட்டில் இருப்பது, சிறுநீரகம் நிமிஷத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் வடிகட்டுகிறது என்று கிரியேட்டினின், வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்துக் கணக்கிட்ட எண். மகள் பார்த்தது ஈ.ஜி.எஃப். வாங்கி, அதையும் சுருக்கி ஈ.ஜி.எஃப்.ஆர். என்றுதான் எழுதுவார்கள். நுரையீரல் புற்றுநோயில் அதைப் பரிசோதிப்பார்கள். இரண்டும் ஒரே நாலு எழுத்து, அவ்வளவுதான். 42 கவனிக்க வேண்டிய எண்தான், ஆனால் அது வேறு பேச்சு.

ஈ.ஜி.எஃப். புரதத்தைச் சிறுநீரில் அளக்க முடியும். அளவு குறைந்தவர்களுக்கு வருத்தம் வேகமாக முற்றுகிறது என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. குழாய்க் கலங்கள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்பதை அது சொல்கிறது போலும். இதுவரை ஆராய்ச்சிக்கான பரிசோதனைதான். சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தைப் பார்ப்பது சாதாரணப் பரிசோதனை, முதலில் அதைக் கேளுங்கள்.

எனக்குப் பிரஷரே இல்லை. ஏன் டொக்டர் லோசார்ட்டன் எழுதினவர்?

சிறுநீரில் புரதம் போகிறது என்றால் பிரஷர் இல்லாவிட்டாலும் எழுதுவார்கள். அஞ்சியோடென்சின் என்ற ஓமோன் வடிகட்டும் முடிச்சிலிருந்து வெளியேறும் குழாயை இறுக்கி உள்ளே அழுத்தத்தைக் கூட்டுகிறது. அத்தோடு சிறுநீரகக் கலங்களை டீ.ஜி.எஃப்-பீட்டா செய்யவும் தூண்டுகிறது. லோசார்ட்டன் அந்த ஓமோனின் வாங்கியை மறிக்கிறது. ஆகவே பாமசியில் வாங்கும் இந்தச் சாதாரணக் குளிசை, ஐந்தாவது கேள்வியில் விலையுயர்ந்த ஊசியால் செய்ய முடியாததை ஓரளவு சுற்றுவழியில் செய்கிறது. முழுதாக மறிப்பதில்லை, தூண்டுதலைத் தணிக்கிறது. நன்மையில் எவ்வளவு அழுத்தம் குறைந்ததால், எவ்வளவு தழும்பு தணிந்ததால் என்று பிரித்துச் சொல்வது கடினம். 2001இல் இரண்டாம் வகை நீரிழிவுள்ள 1,513 பேரில் நடந்த சோதனையில், சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்கும் ஆபத்து 28 சதவீதம் குறைந்தது.

இப்போது டாபாகிளிஃப்லோசின் போன்ற குளிசைகளும் வந்துவிட்டன. சீனிக்கு வந்த மருந்து, சீனி இல்லாதவர்களின் சிறுநீரகத்தையும் காக்கிறது என்று 2020இல் தெரிந்தது. சிறுநீரகத்தைக் காப்பதில் அதன் பங்கும் பெரும்பாலும் முடிச்சினுள் அழுத்தத்தைக் குறைப்பதுதான்.

லோசார்ட்டன் தொடங்கியதும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறினால் பயந்து நிறுத்துகிறவர்கள் பலர். 30 சதவீதம் வரை ஏறுவதைப் பொதுவாக டொக்டர்கள் எதிர்பார்க்கிறார்கள். அதையும் பொட்டாசியத்தையும் பார்க்கத்தான் ஒன்றிரண்டு கிழமையில் திரும்ப இரத்தம் எடுக்கச் சொல்வது. வாந்தி, வயிற்றோட்டம் வந்து உடம்பில் நீர் வற்றும் நாட்களில் இதை எடுக்கலாமா என்று கட்டாயம் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இது ஆகவே ஆகாது, வயிற்றிலுள்ள பிள்ளையின் சிறுநீரகம் உருவாக அந்த ஓமோன் தேவை.

தம்பிக்கு ஒரு கிட்னி குடுத்தனான். இப்ப ஸ்கேனில மிச்சக் கிட்னி பெருத்திருக்கு என்று சொல்றாங்க. ஏதும் கட்டியா?

கட்டி அல்ல. ஒன்று போனதும் மற்றதற்கு இரத்த ஓட்டம் கூடுகிறது, வளர்ச்சிக் காரணிகளின் தூண்டுதலும் கூடுகிறது. கலங்கள் எண்ணிக்கையில் பெருகுவதைவிட அளவில் பருக்கின்றன. நெஃப்ரோன் எண்ணிக்கை அதேதான். இதனால் இரண்டு சிறுநீரகம் இருந்தபோது வடிகட்டியதில் ஏறத்தாழ 70 சதவீதத்தை ஒன்றே செய்கிறது. பாதிக்குப் பாதி குறையும் என்று பயந்து கொடுக்க மறுக்கும் சொந்தங்களுக்கு இதைச் சொல்லலாம். வருஷத்துக்கு ஒருமுறை பிரஷரும் சிறுநீர்ப் புரதமும் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அம்மாவுக்குச் சீனியால கண் மங்கி ஊசி போடுறாங்க. அது வி.ஈ.ஜி.எஃப்.ஐ நிற்பாட்டுற மருந்தாம். கிட்னிக்கு அது தேவை என்று நீங்கள்தானே சொன்னீங்க?

நல்ல கேள்வி, இரண்டாவது பதிலை ஒழுங்காக வாசித்திருக்கிறீர்கள். அந்த மருந்து அதிக அளவில் உடம்பில் ஓடினால் பிரஷர் ஏறும், சிறுநீரில் புரதம் போகும், சிலருக்கு வடிகட்டும் முடிச்சின் நுண்குழாய்களே அடைபடும். பெவசிசுமாப் என்ற மருந்தைப் புற்றுநோய்க்குப் பெற்றவர்களில் இது நடந்தது. போடோசைட் விடும் வி.ஈ.ஜி.எஃப். நின்றால் அப்படி ஆகிறது என்று 2008இல் எலியிலும் காட்டினார்கள்.

ஆனால் அளவைப் பாருங்கள். பெவசிசுமாப்பையே கண்ணுக்குள் போடும்போது 1.25 மில்லிகிராம். புற்றுநோய்க்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 முதல் 15 மில்லிகிராம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 300 முதல் 900. கண்ணிலிருந்து கொஞ்சம் இரத்தத்தில் கலக்கும் என்பதால் சிறுநீரக கிளினிக்கில் ஊசி பற்றிச் சொல்லி வையுங்கள். அதற்காகக் கண்ணை விட்டுவிட வேண்டாம்.

கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறி, கால் வீங்கி, சிறுநீரில் புரதம் போவதும் இதே கணக்கில் வருவதுதான். அந்த நிலையில் நச்சுக்கொடி, வி.ஈ.ஜி.எஃப்.ஐப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு புரதத்தை அளவுக்கு மீறி இரத்தத்தில் விடுகிறது. 2003இல் இது தெரியவந்தது. பிள்ளை பிறந்து நச்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலானவர்களுக்குத் தணிந்துவிடும்.

குடல் கான்சருக்கு ஊசி போட்ட பிறகு மக்னீசியம் குறைஞ்சு போச்சு. சாப்பாட்டுப் பிழையா?

செட்டுக்சிமாப் என்ற ஊசியானால் சாப்பாட்டில் பிழை இல்லை. அது ஈ.ஜி.எஃப். வாங்கியை மறிக்கிறது. சிறுநீரகக் குழாயின் ஒரு பகுதி மக்னீசியத்தைத் திரும்ப உறிஞ்ச ஈ.ஜி.எஃப். தேவை. மறித்தால் மக்னீசியம் சிறுநீரோடு போய்விடும். இரத்தத்தில் பார்த்து, குறைந்தால் கொடுப்பார்கள்.

பொஸ்பேற்றுக் குளிசையைச் சாப்பாட்டோடதான் போடவேணும் என்று ஏன் கறாரா நிற்கிறாங்க?

அது இரத்தத்தில் போய் வேலை செய்யும் குளிசை அல்ல, வயிற்றில் சாப்பாட்டிலுள்ள பொஸ்பேற்றைப் பிடித்து மலத்தோடு அனுப்புவது. வெறும் வயிற்றில் போட்டால் பிடிக்க ஒன்றும் இருக்காது.

பின்னால் ஒரு வளர்ச்சிக் காரணிக் கதையும் இருக்கிறது. பொஸ்பேற்றை வெளியேற்றச் சொல்லி எலும்புக் கலங்கள் எஃப்.ஜி.எஃப்-23 என்ற காரணியைச் சிறுநீரகத்துக்கு அனுப்புகின்றன. அதை வாங்கச் சிறுநீரகத்துக்கு குளோத்தோ என்ற துணைப் புரதம் வேண்டும். வருத்தம் தொடங்கியதுமே குளோத்தோ குறைகிறது. எலும்பு இன்னும் கூடுதலாக அனுப்புகிறது. இரத்தத்தில் பொஸ்பேற்று ஏறுவதற்கு வருஷங்கள் முந்தியே எஃப்.ஜி.எஃப்-23 ஏறியிருக்கும். டயாலிசிஸ் செய்பவர்களில் அது வழமையைவிட நூறு மடங்குக்கு மேலும் போகலாம். இதயத் தசை தடிப்பதற்கும் அதற்கும் தொடர்பு தெரிகிறது.

நாங்கள் வவுனியாப் பக்கம். சீனியும் இல்லை, பிரஷரும் இல்லை, தண்ணியாலதான் கிட்னி போச்சு என்கிறாங்க. அதுக்கும் இந்தக் காரணிகளுக்கும் சம்பந்தம் இருக்கா?

1990களில் வடமத்திய மாகாணத்தில், அநுராதபுரம், பதவிய, மெதவச்சிய பக்கங்களில், விவசாயிகளிடம் முதலில் கவனிக்கப்பட்ட வருத்தம் அது. வவுனியாவும் பாதிக்கப்பட்ட பகுதிதான். கடின நீர், புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், பார உலோகங்கள், வெயிலில் உடம்பு வற்றுவது என்று பலவற்றைச் சந்தேகிக்கிறார்கள். ஒன்றே காரணம் என்று இன்றுவரை நிறுவப்படவில்லை. ‘தண்ணிதான்’ என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறவர்களை நான் நம்புவதில்லை.

சிறுநீரகத் துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், பிரதானமாக அடிபட்டிருப்பது குழாய்களும் அவற்றுக்கு இடைப்பட்ட இடமும். அங்கே தழும்பு. வடிகட்டும் முடிச்சு பிந்தித்தான் பழுதாகிறது, அதனால் ஆரம்பத்தில் சிறுநீரில் புரதம் அதிகம் போகாது. எது குழாயை அடிக்கிறது என்பது தெளிவில்லாவிட்டாலும், அடிபட்ட பின் நடப்பது அப்பா பற்றிய பதிலில் சொன்ன அதே வழி. ‘புரதம் இல்லை, ஆகவே கிட்னி நல்லது’ என்று அந்தப் பக்கத்து ஆட்கள் நினைத்துவிடக் கூடாது. கிரியேட்டினினும் பார்க்க வேண்டும்.

நெட்டில குரோத் ஃபெக்டர் பவுடர் விற்கிறாங்க. ஸ்டெம் செல் ஊசிக்கு இந்தியாவுக்கு, தாய்லாந்துக்குக் கூட்டிப்போறதாயும் சொல்றாங்க. காசு திரட்டட்டுமா?

பவுடருக்கு ஒரு வரிப் பதில்: புரதத்தைக் குடித்தால் வயிறு அதைச் சமிக்கும், காரணியாக அது சிறுநீரகத்தைப் போய்ச் சேராது. பவுடரில் பொட்டாசியமோ பொஸ்பேற்றோ இருந்தால் அது மட்டும் நன்றாகப் போய்ச் சேரும்.

ஸ்டெம் செல் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. எலிகளில் நன்மை தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தக் கலங்கள் புதுச் சிறுநீரகமாக மாறுவதில்லை. சிறிது காலம் நின்று வளர்ச்சிக் காரணிகளையும் அழற்சியைத் தணிக்கும் பொருட்களையும் விட்டுவிட்டு மறைகின்றன. ஆக, ‘நல்ல காரணிகளை ஊசியாப் போடலாமே’ என்ற பழைய கேள்விக்கே திரும்ப வருகிறோம், அங்கே சொன்ன நேரப் பிரச்சினையும் கூடவே வருகிறது. ஒழுங்கான சோதனைகள் நடக்கின்றன. அவற்றில் சேர்பவரிடம் காசு கேட்பது வழக்கமில்லை. காசு கேட்டால் எழும்பி வாருங்கள் என்பதுதான் என் எண்ணம். லூப்பஸ் நோயால் சிறுநீரகம் பழுதான ஒரு பெண்ணுக்கு அவருடைய குருத்துக் கலங்களையே சிறுநீரகத்துக்குள் நேரே ஊசியாகப் போட்டதில், அந்த இடத்திலும் ஈரலிலும் கட்டிகள் வளர்ந்தன. தாய்லாந்து மருத்துவர்கள் 2010இல் அதை வெளியிட்டார்கள்.

அண்ணா இப்ப நல்லா இருக்கிறார், கிரியேட்டினினும் நோர்மல். இனி கிளினிக் எதுக்கு?

கிரியேட்டினின் நோர்மல் என்பதால் எல்லாக் குழாயும் ஒழுங்காகத் திருந்தியது என்று ஆகாது. பாதித் திருத்தத்தில் நின்றுவிட்ட கலங்கள் சில இடங்களில் இருக்கலாம். மிஞ்சிய நெஃப்ரோன்கள், ஒரு கிட்னி கொடுத்தவருடையது போல, கூடுதலாக உழைத்து எண்ணை மறைத்துவிடும். ஒருமுறை இப்படி அடிபட்டவருக்குப் பிற்காலத்தில் நாட்பட்ட வருத்தம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மூன்று மாதம் கழித்து ஒருமுறையாவது கிரியேட்டினினும் சிறுநீர் அல்புமினும் பார்க்கச் சொல்லும் காரணம் அதுதான்.

அதோடு இரண்டாவது அடி விழாமல் பார்க்க வேண்டும். மூட்டு நோவுக்கு பாமசியில் தாங்களாகவே டைக்குளோஃபெனக் வாங்கிப் போடுவதை விட வேண்டும். அந்த வகைக் குளிசை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். நோவுக்கு என்ன எடுக்கலாம் என்று டொக்டரைக் கேட்டால் பெரும்பாலும் அளவோடு பனடோல் என்பார். காமரங்காய்ச் சாற்றை வெறும் வயிற்றில் குடிப்பது இங்கே பலருக்குப் பழக்கம். அதிலுள்ள ஒட்சலேட்டு குழாய்களில் பளிங்காகப் படிந்து, நல்ல சிறுநீரகத்தையே திடீரென நிறுத்தியிருக்கிறது. புளிச்சக்காய் எனப்படும் பிலிங்காய்ச் சாறும் அப்படித்தான். வயலுக்குப் போகிறவரானால், எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசை பற்றி அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போகம் தொடங்குமுன் கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.